பால் காய்ச்சாத அடுப்பு

எங்கள் வீட்டில் இரண்டு மீட்டர், ஒரே அடுப்பு. என் மாமனார் பிச்சைமுத்து மாடியை வாடகைக்கு விடலாம் என்று அதற்குத் தனி மின் இணைப்பு வாங்கினார். தெருவிலிருந்து நேரே ஏறிப் போக வெளியே ஒரு படிக்கட்டும் வைத்தார். அவர் இருந்தவரை வாடகையும் வந்தது. என் கொழுந்தன் பாலுவுக்குக் கல்யாணம் ஆனதும், குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டு அவனும் அவன் மனைவி பானுப்ரியாவும் மேலே போனார்கள். போனார்கள் என்றால் தூங்கப் போனார்கள். சாப்பாடு, டி.வி., துணி மடிப்பது, சண்டை போடுவது எல்லாம் கீழேதான். மாடிச் சமையலறையில் பழைய பீரோவும் பாலுவின் உடைந்த சைக்கிளும் குடியிருந்தன.

அதனால் மாடி மீட்டர் பரம சாது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை இலவசம் இல்லையா, அது அந்த நூறைத் தொட்டதே கிடையாது. கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று மெசேஜ் வரும்போதெல்லாம் பாலு ஏதோ பரீட்சையில் தேறிவிட்டவன் மாதிரி எல்லோருக்கும் போனைக் காட்டுவான். கீழ் மீட்டர் என் பொறுப்பு. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் எனக்கு வயிறு எரியும். "வள்ளி ஒரு ரூமை விட்டு வந்தா இருட்டும் கூடவே வெளிய வரும்" என்பார் என் வீட்டுக்காரர் சரவணன். துவாக்குடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். பேச்சு குறைவு. பேசினால் இப்படித்தான்.

எனக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுவது என் வழக்கம், கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவதற்குள். ஆனால் யாழினியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். யாழினி பாலுவின் மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் ஸ்ரீரங்கத்தில் தெற்குச் சித்திரை வீதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். சாயங்காலம் பஸ் பிடித்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் மாறி, வீட்டுக்கு வரும்போது அவள் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பாள். நான் முகம் கழுவிவிட்டுத் தயிர்சாதம் பிசைந்துகொண்டு வந்து பக்கத்தில் உட்காருவேன். என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஸ்கூலில் யார் யாரை அடித்தார்கள் என்று முழு விவரம் வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நாள் முழுக்க நின்றுகொண்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொன்னால் அது மிகை இல்லை.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில் ஒரு ராத்திரி, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாலு போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணி, கரண்ட்டுக்குப் புதுசா ஒரு விதி கொண்டு வரப் போறாங்களாம். ஒரே கட்டடத்துல ஒரே குடும்பம் ரெண்டு கனெக்‌ஷன் வெச்சிருந்தா, ரெண்டையும் ஒண்ணாச் சேத்துடுவாங்களாம்."

"சேத்துட்டுப் போகட்டுமே, நமக்கென்ன?" என்றேன்.

"நமக்குத்தான் அண்ணி. இலவச நூறு ஒரு தடவைதான் கெடைக்கும். மேல ஓடுறதும் கீழ ஓடுறதும் ஒரே கணக்குல ஏறும். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும்ல?"

இன்னும் வரைவுதான், மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றும் அதில் போட்டிருந்ததாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போயிருப்பார்.

மறுநாள் எதிர்வீட்டு ஜெகபர் அலியைப் பிடித்தோம். உறையூரில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் அவர். மின்வாரிய ஆபீஸில் யார் டீக்குச் சர்க்கரை போடுவார்கள், யார் போட மாட்டார்கள் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

"ரெண்டு குடும்பம்னா ரெண்டு மீட்டர் இருக்கலாம்க்கா, அதுல தப்பில்ல" என்றார். "ஆனா ரெண்டு குடும்பம்னு பாத்தாத் தெரியணும். வாசல் தனியா இருக்கு. ரேஷன் கார்டு?"

"பாலு கல்யாணத்துக்கப்புறம் தனியா வாங்கிட்டான்."

"அப்ப அடுப்பு ஒண்ணுதான் பாக்கி. விதி வருதோ இல்லையோ, அதுக்கு முன்னாடி வீடு வீடா வந்து பாக்கப் போறதாக் கேள்வி. வர்றவங்க மொதல்ல அடுப்பைத்தான் பாப்பாங்க."

பாலுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அடுப்புதானே அண்ணி! பேருக்கு ஒண்ணு மேல வெச்சிடலாம். வந்து பாத்துட்டுப் போனதும் எடுத்துடலாம்."

பேருக்கு என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். "வெச்சுக்கோங்க. ஆனா பால் காய்ச்சக் கூடாது."

தனி அடுப்பு வைப்பவர்கள் முதலில் செய்வது அதுதானே. நல்ல நாள் பார்த்து, புது அடுப்பில் பாலைப் பொங்கவிட்டு, சாமிக்குக் காட்டிவிட்டு, அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தாயிற்று என்றால் அப்புறம் அது பேருக்கு வைத்த அடுப்பு இல்லை, தனிக்குடித்தனம். என் மாமியார் உயிரோடு இருந்தபோது என்னிடம் கேட்டு வாங்கிய ஒரே வாக்கு, பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே உலையில் சாப்பிட வேண்டும் என்பது. மின்வாரியத்துக்கு நடிக்கலாம். வெக்காளியம்மனுக்கு நடிக்க முடியுமா?

பாலு சிரித்தான். என் வீட்டுக்காரரும் சிரித்தார். பானு மட்டும் சிரிக்காமல் "சரிக்கா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவும் சைக்கிளும் காலி செய்யப்பட்டன. இன்னொரு கேஸ் வாங்க மனசு வராமல் பாலு கரண்ட் அடுப்பு ஒன்று வாங்கி வந்தான். என் அலமாரியிலிருந்து ஒரு குக்கர், இரண்டு சட்டி, அஞ்சறைப் பெட்டி எல்லாம் மேலே ஏறின. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கொலு வைப்பது போலத்தான் இருந்தது. ஜெகபர் அலி வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அடுப்பு பளபளன்னு இருக்கேம்மா. சமைக்கிற எடத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கணும், தாளிச்ச வாசனை இருக்கணும். இப்படி இருந்தா வந்தவங்க சிரிச்சுட்டுப் போவாங்க."

சரி என்று, வாசனைக்காகப் பானு காலையில் மேலே உப்புமா கிண்ட ஆரம்பித்தாள். கிண்டியதை வீணாக்க முடியுமா? பாலு அதைச் சாப்பிட்டுவிட்டு இறங்கினான். இரண்டு வாரத்தில் யாழினியின் லஞ்ச் டப்பாவும் மேலே தயாரானது. தொட்டியத்திலிருந்து பானுவின் அப்பா பஸ்ஸில் வாழைத்தண்டும் பூவும் கொடுத்தனுப்புவார். தோட்டத்துக்காரர். நார் எடுக்க எனக்குப் பொறுமை கிடையாது என்பதால் இத்தனை வருஷமாக அவை நேராக எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. இப்போது மேலே போயின. நான் கீழே சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்கும். அப்புறம் வாழைப்பூ வடை வாசனை படி இறங்கி வரும். வடையும் வரும், ஒரு தட்டில், மேலே இன்னொரு தட்டு மூடி. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற மாதிரி.

பானு கீழே வருவது குறைந்துபோனது. காலையில் காபிக்கு வருவாள். ராத்திரி யாழினிக்குப் பால் காய்ச்சிக்கொண்டு போக வருவாள். ஃபிரிட்ஜ் கீழேதானே இருக்கிறது, அதனால் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் நான் வேலை முடிந்து வந்தபோது கடைசிப் படி காலியாக இருந்தது. முகம் கழுவினேன். தயிர்சாதம் பிசைந்தேன். "யாழினி" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன். மாடிக் கைப்பிடிக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"பெரியம்மா, நான் சாப்பிட்டாச்சு! அம்மா வாழைத்தண்டுக் கொழம்பு வெச்சாங்க!"

"அப்படியா கண்ணு? நல்லா இருந்துச்சா?"

"சூப்பரா இருந்துச்சு!"

தலை உள்ளே போய்விட்டது. நான் கிண்ணத்தோடு படியிலேயே உட்கார்ந்து அந்தச் சாதத்தை நானே சாப்பிட்டேன். நடுவில் அழுகை வந்துவிட்டது. தயிர்சாதத்துக்காக அழுகிறாளே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"போய்ச் சொல்லேன் வள்ளி" என்றார்.

"என்னன்னு சொல்றது? பெத்தவ பிள்ளைக்குச் சோறு போடுறது தப்புன்னா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், ஓடிக்கொண்டிருந்த ஹால் ஃபேனை அவரே அணைத்துவிட்டு வந்தார். என்னைச் சமாதானப்படுத்த அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

அதற்கப்புறம் யாழினி சில நாள் வந்தாள், பல நாள் வரவில்லை. நான் கூப்பிடுவதையும் விட்டுவிட்டேன். கூப்பிட்டு வராமல் போவதைவிடக் கூப்பிடாமல் இருப்பது மேல் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து மாடி மீட்டரின் பில் வந்தது. பூஜ்யம் இல்லை. கரண்ட் அடுப்பும் மிக்ஸியுமாகச் சேர்ந்து இலவச நூறைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. மிச்சம் பிடிக்க வைத்த அடுப்பே பில்லை ஏற்றிவிட்டது. பாலு போனைக் காட்டவில்லை, நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். சண்டை போட ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. விறுவிறு என்று படி ஏறினேன்.

பானு தரையில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். வெட்டுகிற ஒவ்வொரு வில்லைக்கும் வரும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பானு இது? பேருக்கு வைக்கச் சொன்ன அடுப்புல கல்யாணச் சமையலே நடக்குது போல இருக்கே. பில்லைப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"பாத்தேன்னா? வாசனைக்கு உப்புமா கிண்டுன்னா மூணு வேளையும் மேலயே ஆக்கித் திங்கணுமா? தனியாப் போகணும்னு ஆசை இருந்தா நேராச் சொல்லியிருக்கலாமே, மின்வாரியத்து மேல பழியைப் போட்டு ஏன் போகணும்?"

அவள் விரலில் இருந்த நாரைக் கழற்றி வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. நான் நறுக்கிக் குடுப்பேன், நீங்க தாளிப்பீங்க. நான் அரைச்சுக் குடுப்பேன், நீங்க கொதிக்க வைப்பீங்க. நான் வெச்ச கொழம்புன்னு ஒண்ணு யாராச்சும் சாப்பிட்டிருக்காங்களா? ஒரே ஒரு நாள் வெச்சேன். நான் எறக்கி வைக்கிறதுக்குள்ள நீங்க வந்து உப்புப் போட்டீங்க."

"உப்பு கம்மியா இருந்துச்சு, போட்டேன்."

"நான் அப்புறமாப் போடலாம்னு இருந்தேன்க்கா."

என் வாயை அடைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. அவள் ஒரு கை உப்பில் அடைத்துவிட்டாள். இறங்கி வந்தேன். வந்த பிறகுதான் அவளும் அழுதிருப்பாளோ என்று தோன்றியது. திரும்பி ஏறிப் போகக் கால் வரவில்லை. ரோஷம்.

ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. நானும் பானுவும் வேண்டியதற்கு மட்டும் பேசிக்கொண்டோம். ஒரு ராத்திரி கொட்டுகிற மழையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படி இறங்கி வந்தாள். யாழினிக்குச் சளி, சூடாகப் பால் வேண்டுமாம்.

"பாக்கெட்டை எடுத்துட்டுப் போய் மேலேயே காய்ச்சிக்கலாமே, அதுக்குத்தானே அடுப்பு வெச்சிருக்கு?" என்று ஒரு குத்துக் குத்தினேன்.

அவள் என் அடுப்பிலேயே பாலைக் காய்ச்சி, மிளகும் மஞ்சளும் போட்டு, டம்ளரைத் துண்டால் மூடிக்கொண்டு மழையில் ஏறிப் போனாள்.

மறுநாள் கடையில் என் முகத்தைப் பார்த்தே வாடிக்கைக்காரர்கள் பேசாமல் மருந்தை வாங்கிக்கொண்டு போனார்கள். பி.பி. மாத்திரைக்கு மாதாமாதம் வரும் சித்திரை வீதி மாமா மட்டும் அதையெல்லாம் பார்க்கிறவர் இல்லை. அன்றைக்கும் கையில் பேப்பரோடு வந்தார். மின்சாரச் செய்தியைத்தான் படித்துக்கொண்டு வந்திருந்தார்.

"பாத்தியோ வள்ளி? மீட்டரையெல்லாம் சேத்துடப் போறாளாம்."

"உங்க வீட்டுலயும் ரெண்டு மீட்டரா மாமா?"

"மூணு. எனக்கு ஒண்ணு, புள்ளைகள் ரெண்டு பேருக்கும் ஒவ்வொண்ணுன்னு கட்டினேன். பெரியவன் சிட்னியில, சின்னவன் டொரொண்டோல. அவாளோட மீட்டர் ரெண்டும் வருஷக்கணக்கா ஒரு யூனிட் ஓடலை. எல்லாரும் போராடணும்கறா. நான் எதுக்குப் போராடணும் சொல்லு? சேக்கட்டும். மீட்டராவது ஒண்ணாச் சேரட்டும். பெருமாள் சித்தம்."

சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பஸ் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது, வீட்டுக்குப் போனதும் பானுவிடம் பேசிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். உறையூரில் இறங்கும்போது நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

அந்த நாளைக்குத்தான் மின்வாரியத்திலிருந்து ஆள் வந்தார்.

காலை ஒன்பது மணி இருக்கும். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கழுத்தில் தொங்கிய அட்டையில் ரங்கநாதன் என்று போட்டிருந்தது. நரைத்த மீசை, கையில் டேப்லெட், நனைந்த குடை. கணக்கெடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். பாலு நாலு படியை ஒரே தாவலாகத் தாவி இறங்கி வந்து, "வாங்க சார், வாங்க சார், மேல தனி வாசல் சார்" என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தான். அவனை அங்கேயே கிள்ளியிருக்கலாம் போலிருந்தது. நானும் பின்னாலேயே மேலே ஏறினேன்.

அடுப்புப் பக்கம் போய் நின்றார். ஜெகபர் அலி பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, தாளித்த வாசனை இருந்தது, சட்டியில் குழம்பு இருந்தது. நடிப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. எல்லாம் நிஜமாகிப் போயிருந்தது. யாழினி தட்டை மடியில் வைத்துக்கொண்டு இட்லியைப் பிய்த்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தானே சாப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரங்கநாதன் டேப்லெட்டில் தட்டிக்கொண்டே வந்தார். தனி வாசல், தனி ரேஷன் அட்டை, தனி சமையலறை. பானு கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"இது ஆபீஸ் கேள்வி இல்லம்மா, நானாக் கேக்கிறேன். மேல எப்போ பால் காய்ச்சுனீங்க?"

பானுவைத்தான் கேட்டார். பாலு முந்திக்கொண்டான். "ஆடிப்பெருக்கு முடிஞ்ச ஞாயித்துக்கெழமை சார்."

அவர் மீசைக்குள் சிரித்தார். "ஆடியில யாரு தம்பி பால் காய்ச்சுவாங்க?"

பாலு விழித்தான். எனக்கு நாக்கு நுனியில் 'வைகாசி' என்று வந்து நின்றது. மின்வாரியத்திடம் பொய் சொல்ல எனக்கு ஒன்றும் கூச்சம் கிடையாது. இவனுக்கு மாசம் தெரியாது, வைகாசியில நல்ல முகூர்த்தத்துல காய்ச்சினோம் என்று ஒரு வரி சொன்னால் போதும். இரண்டு மீட்டரும் இரண்டு மீட்டராகவே இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியை என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அந்தக் குழந்தை இனிமேல் என் படிக்கட்டுக்கு விருந்தாளியாகத்தான் வரும் என்று பயமாக இருந்தது. பானு சொல்லட்டும், அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் இனிமேல் இந்த வீடு என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் ரங்கநாதன்.

பானு சொம்பைக் கீழே வைத்தாள்.

"காய்ச்சலைங்க சார். அக்கா காய்ச்சக் கூடாதுன்னு சொன்னாங்க. மத்ததெல்லாம் சமைச்சிருக்கேன். ஆனா இந்த அடுப்புல இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டுப் பால் வெச்சதில்ல. காபிக்கும் கீழதான் போவேன், பிள்ளைக்குப் பால்னாலும் கீழதான் போவேன்."

பயந்து சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அந்த மழை ராத்திரி நினைவுக்கு வந்தது. துண்டைப் போட்டு மூடின டம்ளர், நான் குத்தின குத்து. பிள்ளைக்குச் சளி பிடித்தபோதுகூட என் பேச்சை மீறாமல் மழையில் இறங்கி வந்தவளை ஃபிரிட்ஜுக்காக வருகிறாள் என்று நினைத்தேனே! நான் தடுத்தது சடங்கைத்தான், அவள் ஒரு டம்ளர் பாலையும் அதில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்குங்க சார்" என்றேன். "ஒரே குடும்பந்தான்."

"அண்ணி!" என்றான் பாலு.

"நீ சும்மா இரு."

ரங்கநாதன் என்னையும் பானுவையும் மாறி மாறிப் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இது இன்னும் விதியாகல. எப்ப வரும், வருமா வராதான்னு எனக்கே தெரியாது. ஆனா வந்துட்டா ரெண்டும் ஒரே கணக்கா ஏறும். அப்புறம் வந்து மாத்திக் குடுங்கன்னா முடியாது."

"ஏறட்டும் சார். ஃபேனை நான் பாத்துக்கிறேன்."

அவர் வேறொன்றும் கேட்காமல் டேப்லெட்டில் எதையோ அழித்து எதையோ தட்டினார். குடையை விரித்துக்கொண்டு படி இறங்கியவர், பாதியில் நின்று, "எங்க வீட்டுலயும் ரெண்டு அடுப்புதாம்மா, எனக்கும் என் தம்பிக்கும்" என்றார். "ரெண்டுலயும் பால் காய்ச்சியாச்சு." அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாலு நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பானு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"பானு, அந்த அடுப்பைப் பெட்டியில போட்டுடு" என்றேன்.

கை நின்றது. "சரிக்கா" என்றாள். அந்தச் சரிக்காவில் எட்டு வருஷமும் இருந்தது. நான் அவசரமாக மீதியையும் சொன்னேன்.

"கரண்டைக் குடிக்கிற அடுப்பு நமக்கு வேணாம். கீழ கேஸ் இருக்கு. காலையில நான் சமைக்கிறேன். ராத்திரிக்கு அந்த அடுப்பு ஒன்னோடது. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். நார் வேணா எடுத்துத் தர்றேன், நீ சொல்லிக் குடுத்தா."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "உப்புப் போட வருவீங்கக்கா."

"வந்தா கையில அடி."

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். யாழினி எதற்கு என்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தாள், வாயில் இட்லியோடு. அன்றைக்கு நான் கடைக்குத் தாமதமாகத்தான் போனேன். முதலாளி திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தபோது கடைசிப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து, என் சமையலறையிலிருந்து, பானு தாளிக்கும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரரும் பாலுவும் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆளில்லாத மாடியில் லைட் எரிந்துகொண்டிருந்தது. மேலே ஏறிப் போய் அதை அணைத்துவிட்டுத்தான் முகம் கழுவினேன். சமையலறை வாசலில் நின்று கையை நீட்டினேன். பானு ஒரு தட்டில் சோறும் வாழைத்தண்டுக் குழம்பும் போட்டுக் கொடுத்தாள். உள்ளே ஒரு அடி எடுத்து வைக்கவில்லை நான்.

யாழினி வாயைத் திறந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் விழுந்த கதையை முழுசாகக் கேட்டுக்கொண்டே ஊட்டினேன். பாதியில் அவள் என் கையைப் பிடித்து என் பக்கமே திருப்பினாள்.

"நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க பெரியம்மா. அம்மா வெச்சது. நல்லா இருக்கா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. பானு கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் சாப்பிட்டேன். தண்டு பஞ்சாக வெந்திருந்தது, ஒரு நார் கிடையாது. உப்பு ஒரு கல் குறைவு.

"சூப்பரா இருக்கு" என்றேன், உள்ளே கேட்கிற மாதிரி.